கஞ்சாவுக்குச் சான்றிதழ், கத்தரிக்காய்க்கு?

கொழும்புத்துறையில் கமக்காரர் குழுவொன்றின் மாதக் கூட்டத்தில் எழுந்த கேள்வி ஒன்றே இந்தக் கட்டுரைக்குக் காரணம். சேதனப் பசளை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த ஒரு கமக்காரர் எழுந்து, "சுவாமி, கனடாவில இருக்கிற என்ரை மகன் சொல்லுறான், அங்க கஞ்சாவுக்கே சேதனச் சான்றிதழ் குடுக்கினமாம். மருந்தடிக்காமல் நான் செய்யிற கத்தரிக்காய்க்கு இஞ்ச ஒருத்தரும் ஒரு துண்டுக் கடதாசி தரேல்லை. இது என்ன ஞாயம்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். ஒரு தாய் சிரிக்கவில்லை. "உந்தக் கதை எங்களுக்கு எதுக்கு? கடற்கரையில பொதி பொதியாப் பிடிபடுகிறது காணாதே?" என்றார்.

இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு. கேரள கஞ்சா என்ற பெயரில் பாக்கு நீரிணையைக் கடந்து வரும் பொதிகளைக் கடற்படையும் பொலிசாரும் வடபகுதிக் கரைகளில் கைப்பற்றும் செய்தி நமக்குப் புதிதன்று. அதனால் சீரழிந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நாமும் போய் வந்திருக்கிறோம். ஆயினும் முதலாமவர் கேட்டது கஞ்சாவைப் பற்றிய கேள்வியன்று, சான்றிதழைப் பற்றியது. அன்று அதற்கு நம்மிடம் ஒழுங்கான விடை இருக்கவில்லை. பின்னர் வாசித்தும் விசாரித்தும் அறிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

சான்றிதழ் எதைச் சொல்கிறது?

முதலில் ஒரு தெளிவு வேண்டும். சேதனச் சான்றிதழ் ஒரு பொருள் நல்லது என்று சொல்வதில்லை. அது எப்படி விளைவிக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. இரசாயனப் பசளை போடவில்லை, செயற்கைக் கிருமிநாசினி அடிக்கவில்லை, நிலம் குறித்த காலம் வரை அவற்றிலிருந்து ஓய்ந்திருந்தது, இவற்றையெல்லாம் விளைவித்தவர் அல்லாத இன்னொருவர் வந்து பார்த்தார் என்பதே அதன் பொருள். ஐரோப்பிய விதிப்படி ஆண்டுப் பயிருக்கு விதைப்பதற்கு முன் இரண்டு ஆண்டுகளும், அமெரிக்க விதிப்படி அறுவடைக்கு முன் மூன்று ஆண்டுகளும் நிலம் அவ்வாறு ஓய்ந்திருக்க வேண்டும்.

இதை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கப் புகையிலையை விடச் சிறந்த உதாரணம் இல்லை. நமது முன்னோர் பூவரசங்குழையையும் பனையோலையையும் தாழ்த்து, ஆட்டெருவும் மாட்டெருவும் இட்டுப் புகையிலை செய்தார்கள். திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய அந்தப் புகையிலை இன்றைய அளவுகோலின்படி பெரும்பாலும் சேதனப் புகையிலையே. அதனால் அது நெஞ்சுக்கு நல்லதாகிவிடவில்லை. அமெரிக்காவில் சேதனப் புகையிலையில் சிகரெட் செய்து விற்ற ஒரு கம்பனி, சேதனம் என்பதால் இந்தச் சிகரெட் ஆபத்துக் குறைந்ததன்று என்று தன் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டியதாயிற்று. கஞ்சாவுக்கும் இதுவே பொருந்தும்.

நமது நாட்டுச் சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு எவரும் வளவின் மூலையில் ஒரு கன்று நடலாம் என்று எண்ண வேண்டாம்.

சொல் மறுக்கப்பட்ட கமக்காரர்

ஐக்கிய அமெரிக்காவில் சேதனம் என்ற சொல்லை விற்பனைப் பொருளில் அச்சிட மத்திய விவசாயத் திணைக்களத்தின் விதிகள் உண்டு. அவை 2002இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. கலிபோர்னியா மாநிலமோ 1996இலேயே மருந்துத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்திருந்தது. ஆனால் மத்திய சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். ஆகவே ஒருவர் எவ்வளவு தூய்மையாக விளைவித்தாலும் அந்தத் திணைக்களத்தின் சேதன முத்திரை அவருக்குக் கிடைக்காது.

சட்டத்தரணியும் சேதனப் பண்ணைப் பரிசோதகருமான கிறிஸ் வான் ஹூக் என்பவரிடம் கஞ்சா விளைவிப்போர் சான்றிதழ் கேட்டு வந்தார்கள். சேதனம் என்ற சொல்லைப் பயன்படுத்த முடியாது என்று தெரிந்ததும், அதே விதிகளை அளவுகோலாக வைத்து, வேறு பெயரில் 2004இல் ஒரு சான்றிதழைத் தொடங்கினார். அதன் பெயர் 'கிளீன் கிறீன்'. தூய்மை, பசுமை என்று பொருள்படும் சாதாரண சொற்கள். அதன்பின் வேறு இடங்களிலும் இத்தகைய முத்திரைகள் தோன்றின. மெயின் மாநிலத்தில் 1971 முதல் இயங்கும் சேதனக் கமக்காரர் சங்கமும் ஒன்றைத் தொடங்கியது. கடைசியில் கலிபோர்னிய அரசே சேதனத்துக்கு இணையான 'ஓகல்' என்ற திட்டத்தை 2021இல் நடைமுறைப்படுத்தியது. நார் எடுக்கவும் விதைக்காகவும் செய்யப்படும், போதைப்பொருள் 0.3 வீதத்துக்கு மேற்படாத கஞ்சா இனத்துக்கு மட்டும் 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்துக்குப் பின் மத்திய முத்திரையும் கிடைக்கிறது.

கமக்காரரின் மகன் சொன்ன கனடாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். அங்கு 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வமானது. அரசின் சேதன இலச்சினை அதற்கு இல்லை. தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள் நாட்டின் சேதன நியமத்தை வைத்துப் பரிசோதித்துத் தங்கள் பெயரில் சான்றளிக்கின்றன.

அரசு முத்திரை தரும்வரை காத்திராமல், தாங்களே விதி எழுதி, தாங்களே பரிசோதகரை அழைத்து, வாங்குவோரை நம்பவைத்தார்கள் என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. அவர்களுடைய பயிரை நாம் ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் போன வழியைப் பார்க்கலாம்.

தூய்மை ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று?

கஞ்சாச் செடி மண்ணில் உள்ள கட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை வேர்வழியே இழுத்துத் தன்னுள் சேர்க்கும் இயல்புடையது. இத்தாலியின் தெற்கே தரந்தோ என்ற ஊரில் பெரிய உருக்காலையின் அயலில் மேய்ந்த ஆடுகளில் டையொக்சின் நஞ்சு கண்டு, 2008இல் அவற்றைக் கொன்றார்கள். மேய்ச்சல் இழந்த குடும்பமொன்று பின்னர் அதே நிலத்தைச் சுத்திகரிக்க நட்டது கஞ்சாவின் நார் இனத்தையே. நிலத்தைத் துப்புரவாக்கும் செடி, நிலத்தின் அழுக்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. அதே செடியை மருந்தென்று உண்பவருக்கும் புகைப்பவருக்கும் அந்த அழுக்குப் போய்ச் சேரும்.

கிருமிநாசினியிலும் இத்தகைய சிக்கல் உண்டு. மைக்குளோபியூட்டனில் என்றொரு பங்கசுநாசினி திராட்சையில் வரும் சாம்பல் நோய்க்குப் பல நாடுகளில் அனுமதிக்கப்பட்டது. திராட்சையைக் கழுவி உண்கிறோம், எரித்துப் புகைப்பதில்லை. அந்த மருந்தை எரித்தால் ஐதரசன் சயனைட்டு என்னும் கொடிய வாயு உண்டாகும். ஒரு பயிருக்குப் பொறுக்கக்கூடிய மருந்து இன்னொரு பயிருக்கு நஞ்சாவது இவ்வாறுதான். நமது கமக்காரரும் வெங்காயத்துக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தைக் கீரைப் பாத்திக்கு அடிப்பதுண்டல்லவா?

இனிக் கனடாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கு மருத்துவத் தேவைக்கு மட்டும் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்த காலத்தில், சேதனச் சான்றிதழ் பெற்ற நிறுவனமொன்றின் கஞ்சாவில் 2016இன் இறுதியில் இதே மைக்குளோபியூட்டனிலும் இன்னொரு பூச்சிநாசினியும் கண்டுபிடிக்கப்பட்டன. நோயாளர் கைக்குப் போன சரக்கைத் திருப்பி அழைத்தார்கள். அதன் சேதனச் சான்றிதழும் நிறுத்தி வைக்கப்பட்டது. சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே மருந்து செடியில் இருந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை வந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போகும் பரிசோதகர் எல்லாவற்றையும் காண மாட்டார். 2019 முதல் கனடாவில் கஞ்சாவுக்குக் கிருமிநாசினிப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. முறையைப் பார்ப்பதும் வேண்டும், விளைபொருளைச் சோதிப்பதும் வேண்டும் என்பதே அங்கு கற்ற பாடம்.

நமது நாட்டில் இதன் மறுபக்கத்தைக் காணலாம். சித்த, ஆயுர்வேத மருந்துகள் சிலவற்றில் சுத்தி செய்த கஞ்சா சேர்வது பழைய வழக்கம். அதற்கான கஞ்சா எங்கிருந்து வந்தது? 2017இல் அப்போதைய சுகாதார அமைச்சர் இங்கிரியவில் மருந்துக் கஞ்சாத் தோட்டம் அமைக்கும் யோசனையை வெளியிட்டபோது, வைத்தியருக்குக் கிடைப்பது நீதிமன்றங்களில் வழக்குப் பொருளாகக் கிடந்து, ஆண்டுகள் சென்றபின் ஒப்படைக்கப்படும் பழைய கஞ்சாவே என்றும், அதன் வீரியம் போய்விடுகிறது என்றும் சொல்லப்பட்டது. யார் நிலத்தில் விளைந்தது, என்ன அடித்தார்கள், எந்தப் படகின் எண்ணெய்க்குள் ஊறி வந்தது என்று எவருக்கும் தெரியாத சரக்கு மருந்தாகியிருக்கிறது. வைத்தியர் எவ்வளவு சுத்தி செய்தாலும் கட்மியம் சுத்தியில் போகாது. மருந்துப் பயிருக்குத் தூய்மைச் சான்று வேண்டும் என்பது ஆடம்பரமன்று என்பதை இது ஒன்றே காட்டும்.

வெயிலும் மண்ணும் கூலியும்

இன்னொரு விடயமும் நமது சிந்தனைக்கு உகந்தது. அமெரிக்காவில் கஞ்சாவின் கணிசமான பகுதி கட்டடங்களுக்குள், மின்விளக்கின் கீழ் வளர்க்கப்பட்டது. இந்த உள்வளர்ப்பு அந்த நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ ஒரு வீதத்தை விழுங்குகிறது என்று 2012இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வெளியே விளைவித்தவர்களிலும் சட்டத்துக்கு ஒளித்துக் காடுகளுக்குள் பயிரிட்டவர்கள் எலிநஞ்சும் காபோபியூரானும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். காபோபியூரான் என்றால் புரியாதவருக்குப் பியூரடான் என்றால் புரியும். அந்தக் காடுகளில் எலிநஞ்சு உடலில் ஏறிய விலங்குகள் செத்துக் கிடந்தன.

இதற்கு எதிராக 2019இல் 'சன் அண்ட் ஏர்த்' என்ற முத்திரையைச் சிலர் தொடங்கினார்கள். வெயிலில், நிலத்து மண்ணில், இரசாயனம் இன்றி விளைந்திருக்க வேண்டும். அத்தோடு வேலை செய்தோருக்கு நியாயமான கூலி கொடுத்திருக்க வேண்டும். அயலாருக்கும் அந்தப் பண்ணையால் நன்மை இருக்க வேண்டும். நமக்கு இந்தக் கடைசி நிபந்தனைகளே பிடித்திருக்கின்றன. கத்தரித் தோட்டத்தில் களை பிடுங்கும் பெண்ணுக்கு அரைக் கூலி கொடுத்துவிட்டு, காய் நஞ்சற்றது என்று எழுதி விற்பது எவ்வளவு நேர்மையானது? சேதன விதிகள் பல இந்தக் கேள்வியைக் கேட்பதேயில்லை.

ஆனால் முத்திரை ஒருவரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. கலிபோர்னியாவில் 2016ஆம் ஆண்டின் மக்கள் வாக்கெடுப்போடு கஞ்சா முழுமையாக அனுமதிக்கப்பட்டபின், உரிமக் கட்டணமும் வரியும் தாங்க முடியாமல், 2021க்குப் பின் விலையும் விழ, சிறு கமக்காரர் பலர் கைவிட்டார்கள். நீண்டகாலம் பொலிசுக்கு ஒளித்து விளைவித்தவரைப் பொலிசு வெல்லவில்லை. கணக்குப் புத்தகம் வென்றது. மொரோக்கோவில் மாத்திரம் வேறு விதமாக முயன்றார்கள். றிப் மலைப்பகுதிகளில் மருத்துவ, கைத்தொழில் தேவைக்குக் கஞ்சா விளைவிக்க 2021இல் சட்டம் இயற்றியபோது, கமக்காரர் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர வேண்டும் என்று விதித்தார்கள். 2024 ஓகஸ்டில் முன்பு சட்டவிரோதமாக விளைவித்த நாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அரசர் மன்னிப்பும் அளித்தார்.

நமது நாட்டில்? 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக் கஞ்சா பற்றி ஆராய யோசனை வந்தது. 2025 ஓகஸ்டில் வெளிவந்த செய்திகளின்படி மீரிகமவில் 64 ஏக்கரில், ஏற்றுமதிக்காக மட்டும், 7 வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் இட வேண்டிய முதல் மில்லியன் டொலர் கணக்கில். மொரோக்கோவைப் போலக் கூட்டுறவுக்கு அதில் இடம் இருப்பதாகத் தெரியவில்லை. கஞ்சா வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் காசு தரும் பயிர் என்றால் பெரியவருக்கு, காசு தராத பயிர் என்றால் கமக்காரருக்கு என்ற இந்தப் பங்கீட்டைக் காணாதது போல் இருக்கவும் முடியாது.

நமது பிழை

கொழும்புத்துறைக் கமக்காரரின் கேள்விக்கு வருவோம். அதற்கு முன் நாம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கிராமத்தில் நஞ்சற்ற மரக்கறிக்கடை ஒன்றை ஆரம்பித்தோம். வாரத்தில் இரு நாள். பச்சை மையில் அடித்த சீட்டை ஒவ்வொரு பொதியிலும் ஒட்டினோம். கமக்காரர் சொன்னதை நம்பினோம். தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. நம்பிக்கையே போதும் என்று நினைத்தோம். ஒருவர் கத்தரியில் தண்டுத் துளைப்பான் தாங்க முடியாமல் இரவில் மருந்தடித்தார். அயல் வீட்டார் மணத்தில் கண்டுபிடித்தார்கள். இரண்டு கிழமையில் கடைக்கு ஆள் வரவில்லை. அடிக்காத ஒன்பது பேரின் மரக்கறியும் தேங்கியது. மருந்தடித்தவர் கெட்டவரல்லர். பயிரில் வங்கிக் கடன் இருந்தது. துளைப்பான் வந்தபோது யாரிடம் போய்ச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாமும் சொல்லி வைக்கவில்லை.

அதன்பின் 2021 வந்தது. அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஓரிரவில் தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோது, சேதனம் என்ற சொல்லே கமக்காரர் காதில் வசைச் சொல்லாயிற்று. கட்டாயத்தால் வந்த சேதனமும் கண்காணிப்பில்லாத சேதனமும் ஆகிய இரண்டின் சுமையையும் இன்று விரும்பிச் செய்பவர் சுமக்கிறார்.

ஏற்றுமதிக்குச் சான்றிதழ் வேண்டுமானால் வழி இருக்கிறது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ்த் தேசிய சேதனக் கட்டுப்பாட்டு அலகு இயங்குகிறது. எஸ்.எல்.எஸ். 1324 என்ற நியமமும் உண்டு. சிறு கமக்காரர் குழுவாகச் சேர்ந்து உள்ளகக் கண்காணிப்போடு ஒரே சான்றிதழ் பெறவும் முடியும். ஆனால் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும் பத்துக் கிலோ கத்தரிக்காய்க்கு அந்தச் செலவு தாங்காது. அதற்கு ஏற்றது பங்கேற்பு உத்தரவாத முறை. வெளியிலிருந்து கூலிக்குப் பரிசோதகரை அழைப்பதற்குப் பதிலாக, கமக்காரரும் வாங்குவோரும் சேர்ந்து ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்ப்பதே இது. பிரேசிலின் தெற்கே 1990களின் இறுதியில் 'எக்கோவிடா' என்ற வலையமைப்பு இதைப் பெரிதாகச் செய்து காட்டியது. இந்தியாவில் அரசே இதற்கொரு திட்டம் நடத்துகிறது. குறைந்தது ஐந்து கமக்காரர் சேர்ந்தால் ஒரு குழு. மாறும் காலத்தில் ஒரு முத்திரை, மாறி முடிந்தபின் வேறு முத்திரை. தமிழ்நாட்டில் சேதனம் என்பதை அங்ககம் என்பார்கள். சொல் வேறே தவிரப் பொருள் ஒன்றுதான்.

கொழும்புத்துறையில் இதை எப்படிச் செய்யலாம்? ஒவ்வொருவரும் ஒரு கொப்பியில் எப்போது என்ன இட்டார், என்ன அடித்தார் என்று எழுத வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறு அடித்தாலும் எழுத வேண்டும். மாதத்தில் ஒரு நாள், முன்னறிவித்தல் இன்றி, சீட்டு விழுந்த தோட்டத்துக்கு மூவர் போக வேண்டும். அவர்களில் ஒருவர் கட்டாயம் வாங்குபவராக இருக்க வேண்டும்; அரியாலை, பாஷையூர்ப் பக்கத்துக் குடும்பத் தலைவி ஒருவர் போதும். அயல் தோட்டத்தில் மருந்தடித்தால் காற்றில் வரும். வேலியோரம் இரண்டு வரிசைப் பயிரைத் தனியே அறுத்துத் தனியே விற்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது எல்லாருடைய காய்களிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சேமிப்பிலிருந்து காசு ஒதுக்க வேண்டும். கனடாவில் நடந்தது இங்கும் நடக்கலாம்.

கிணற்றை மறக்க வேண்டாம். குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். ஒருவர் போட்ட யூரியா இன்னொருவர் கிணற்றில் நைத்திரேற்றாக வருகிறது. தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அது குடிநீருக்கு ஏற்ற அளவான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் பல காட்டியுள்ளன. சேதனம் செய்பவரும் மாட்டெருவை அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் இதே குற்றத்தையே செய்கிறார். கடனீரேரிக் கரையில் உவர் ஏறும் கிணறுகளுக்கு இது இன்னொரு சுமை. ஆகவே குழுவின் விதியில் பசளைக்கும் அளவு இருக்க வேண்டும்.

மருந்தடித்தவரை என்ன செய்வது என்பதே கடினமான பகுதி. உடனே விலக்கினால் அடுத்தவர் ஒளிப்பார். விலக்காவிட்டால் முத்திரைக்குப் பொருளில்லை. நமது யோசனை இதுதான்: அடிப்பதற்கு முன் வந்து சொன்னவருக்குத் தண்டனை இல்லை, அந்தப் போகம் அவர் முத்திரையின்றிச் சாதாரண விலைக்கு விற்பார், குழு அவருடைய நட்டத்தில் ஒரு பங்கைத் தாங்கும். அடித்துவிட்டு ஒளித்தவர் ஓராண்டு வெளியே. துளைப்பான் கண்ட தண்டைக் கிள்ளி எரிக்க அயலார் இரண்டு பேர் அன்றே வந்து கைகொடுத்திருந்தால், நமது பழைய கடை இன்றும் இருந்திருக்கக்கூடும்.

அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் இவற்றை யோசித்துக்கொண்டு வரட்டும். உங்கள் தோட்டத்துக்கு அயலவர் சொல்லாமல் வந்து பார்ப்பதை உங்களால் பொறுக்க முடியுமா? நட்டத்தைத் தாங்கும் பொதுப் பணத்துக்கு ஒரு போகத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்? சீட்டில் என்ன சொல்லை எழுதப் போகிறோம்? சேதனம் என்று எழுதுவதா, அல்லது நாம் உண்மையிலேயே பார்த்ததை, மருந்தடிக்காதது என்ற அளவில் மட்டும் எழுதுவதா? அன்று சிரிக்காமல் இருந்த அந்தத் தாயைத் தோட்டம் பார்க்கும் மூவரில் முதலாமவராக வரும்படி கேட்டிருக்கிறோம். மகனிடம் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.